தலைகுனிந்த டிஷ்

நாற்பத்தோரு நாள் ஜெயிலில் கிடந்ததில் டெரன்ஸ் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் ஏழு பேர் கொண்ட ஒரு பட்டியல். காகிதத்தில் இல்லை, மனதில். தூக்கம் வராதபோதெல்லாம் ஒவ்வொருத்தனாக எடுத்து, கையில் கிடைத்தால் என்ன செய்யலாம் என்று யோசிப்பான். முதல் பெயர் கிளைட்டன், பக்கத்து வீட்டுக்காரன். அவனுக்கு மட்டும் தினம் ஒரு புதுத் தண்டனை.

எட்டு மாதத்துக்கு முன்னால், தூத்துக்குடி துறைமுகத்தில் நிற்கும் கன்டெய்னர் ஒன்றில் குண்டு இருப்பதாகத் துறைமுக அலுவலகத்துக்கு ஒரு மெயில் போனது. ஆறு மணி நேரம் ஒரு கிரேன்கூட அசையவில்லை. கடைசியில் குண்டும் இல்லை, ஒரு பட்டாசும் இல்லை. மெயில் வந்த வழியைத் தேடிக்கொண்டு போன போலீஸ், மாப்பிள்ளையூரணியில் டெரன்ஸின் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவன் வீட்டு வைஃபை வழியாகத்தான் மெயில் போயிருந்தது. வீட்டில் அவனும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு போனில் பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன் தவிர ஒன்றும் தெரியாது. அப்புறம் யார் மிச்சம்?

கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் அவன் உட்கார்ந்திருந்த மேனேஜர் நாற்காலி போனது. ஷெர்லின் வீட்டிலிருந்து நிச்சயதார்த்த மோதிரம் ஒரு பழுப்புக் கவரில் திரும்பி வந்தது. ஜாமீனில் வெளியே வந்தவன், குற்றப்பத்திரிகை நகல் கையில் கிடைத்ததும் நேராகப் போய்ப் பார்த்தது சுடலைமாடத்தியை.

"ஆள் பேர் மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

சுடலைமாடத்திக்கு அறுபது வயது. போலீஸ் வயர்லெஸ் பிரிவில் முப்பது வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இருந்து, சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று, இப்போது தனியாகத் துப்பறிகிறவள். அடுத்தவர் பேசுவதைக் கேட்டே பழகியதாலோ என்னவோ, தான் பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குறையைத் தீர்க்க ஆண்டவர் அனுப்பிய ஆள், அவளுக்குத் துணையாளாக இருந்த பவுல். இருபது வருஷம் மாலத்தீவுக்குப் போகிற தோணியில் சமையல்காரனாக இருந்தவன். நடுக்கடலில் பேச ஆளில்லாமல் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் இப்போது கரையில் இறக்கிக்கொண்டிருந்தான்.

"பேரு கிடைக்கும் தம்பி" என்றாள் சுடலைமாடத்தி. "அந்தப் பேரு ஒங்களுக்குப் பிடிக்குமான்னுதான் தெரியல."

வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் வாய்தா. இன்று வியாழன்.

*

காலை பத்து மணிக்கு டபிள்யூ.ஜி.சி. ரோட்டில், மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் சாமான் கடையில் மூன்று பேரும் நின்றார்கள். டெரன்ஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிளைட்டனின் கழுத்து இந்நேரம் வீட்டில் சும்மா இருக்கும். இங்கே என்னடா என்றால் கடை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுடலைமாடத்தி குற்றப்பத்திரிகையின் நகலை எடுத்து, பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக இருந்த ஒரு வரியை விரலால் காட்டினாள்.

"மெயில் அனுப்புன கருவியோட நம்பர் இது. ஒவ்வொண்ணுக்கும் இப்படி ஒரு நம்பர் உண்டு. முதல் பாதி, அதைச் செஞ்ச கம்பெனியைச் சொல்லும். இந்தக் கம்பெனி போனும் செய்யல, லேப்டாப்பும் செய்யல. யுஎஸ்பியில சொருகுத வைஃபை அடாப்டர் மட்டுந்தான் செய்யுது."

"எங்கிட்ட அப்படி ஒண்ணு கிடையாதுன்னு போலீஸ்கிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன்" என்றான் டெரன்ஸ். "கடல்ல வீசியிருப்பன்னு சொல்லிட்டாங்க."

மந்திரமூர்த்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நம்பரைப் பார்த்தார். "நம்ம சரக்குதான். ஊர்ல வேற யாரும் வாங்கி வைக்கல. ரெண்டு வருசத்துல நாலு போயிருக்கு."

"எனக்கும் ஒண்ணு எடுங்க அண்ணாச்சி" என்றாள் சுடலைமாடத்தி.

அவர் நாலைந்து டப்பாக்களைப் பரப்பினார். பவுல் அவற்றில் பெரியதைக் கையில் எடுத்தான். நாலு கறுப்புக் கொம்புகள் நட்டுக்கொண்டு நின்றன.

"அக்கா, இது நல்ல சிங்கி எறா மாதிரி இருக்கு. இதையே எடுப்போம்."

"கொம்பு எத்தனைங்கறது பேச்சில்லலே. கழலுமாங்கறதுதான் பேச்சு." அவள் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, அடாப்டரின் நுனியிலிருந்த ஒற்றை ஆன்டெனாவைத் திருகிக் கழற்றினாள். பித்தளை மரை மின்னியது. "கழட்ட முடிஞ்சா இதுக்குப் பதிலா நமக்கு வேண்டிய ஆன்டெனாவைப் பூட்டலாம். சும்மா நிக்குத கொம்பு நாலு பக்கமும் சிதறவிடும். நமக்கு ஒரே பக்கமா பாக்குதது வேணும், டார்ச் லைட் மாதிரி. அண்ணாச்சி, இந்தச் சிப்பு ஒட்டுக்கேக்க விடும்லா?"

"விடும். எந்த வைஃபையிலயும் சேராம, காத்துல யாரு என்ன பேசுதாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அந்தப் பெருசு விடாது. அது பேசத்தான் செய்யும், கேக்காது."

"அப்ப அது என் சாதி" என்று பவுல் கொம்பு டப்பாவைத் திரும்ப வைத்தான்.

"முன்னாடி போன நாலும் யாருக்கு?" என்று கேட்டாள் சுடலைமாடத்தி.

"ரெண்டு, கப்பலுக்குச் சாமான் ஏத்துத ஆளு வாங்கிட்டுப் போனாரு. ஒண்ணு சாகுபுரம் காலனியில ஒரு சாருக்கு, மூணாவது மாடிக்கு வைஃபை எட்டலன்னு." அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். "நாலாவதுதான் வேடிக்கை. அன்னைக்கு நான் திருச்செந்தூர் போயிட்டேன், வீட்டம்மாதான் கடையில இருந்தா. வாங்க வந்தவங்க அடாப்டரைப் பிரிச்சு, ஆன்டெனாவைக் கழட்டி, இது எனக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்கோங்கன்னு மேசையில வச்சுட்டுப் போயிட்டாங்களாம். கூட, அஞ்சு மீட்டர் நீள யுஎஸ்பி வயர் ஒண்ணு."

அண்ணாச்சி மேசை டிராயரை இழுத்தார். ஒரு ஒற்றைக் கொம்பு ரப்பர் பேண்டுகளுக்கு நடுவில் கிடந்தது.

சுடலைமாடத்தி முதல்முறையாகச் சிரித்தாள். வெளியே வந்ததும் பவுலைப் பார்த்தாள்.

"என்ன புரியுது?"

"குதிரையை வாங்கி, வாலை மட்டும் கடையிலயே விட்டுட்டுப் போயிருக்காங்க."

"அப்ப வால் வீட்டுல இருக்கு. சொந்தமாச் செஞ்ச ஆன்டெனா. நீளமான யுஎஸ்பி வயர் எதுக்கு? ஆன்டெனா உசரத்துல, வெளிய இருக்கு. கம்ப்யூட்டர் உள்ள இருக்கு. ஆன்டெனா வயரை நீட்டுனா சத்தெல்லாம் வழியிலயே வடிஞ்சிரும். அதனால அடாப்டரையே மேல கொண்டுபோயி ஆன்டெனாவோட பூட்டிட்டு, யுஎஸ்பி வயரைக் கீழ இறக்கணும். இது தெரிஞ்ச ஆளு. பக்கத்து வீட்டு வைஃபையைத் திருட இவ்வளவு பாடு தேவையில்ல தம்பி. இது தூரத்து ஆளு."

பட்டியலின் முதல் பெயர் ஆட்டம் கண்டது. டெரன்ஸுக்கு அது பிடிக்கவில்லை. எட்டு மாதம் வளர்த்த கோபம், கிளைட்டனின் முகத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. அதை வேறு முகத்துக்கு மாற்றுவது அவ்வளவு லேசில்லை.

*

டெரன்ஸ் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் பின்பக்கம் முழுக்க உப்பளம். பாத்தி பாத்தியாக வெள்ளை. அதைத் தாண்டி, முக்கால் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், மாடி வீடுகள் வரிசையாகத் தெரியும். நடுவில் ஒரு மரம்கூட மறைக்காது.

சுடலைமாடத்தி ஒரு முழ நீள அலுமினிய ஆன்டெனாவை உறையிலிருந்து எடுத்தாள். நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கம்பிகள்.

"சீலா மீனைச் சாப்பிட்டுட்டு முள்ளை மிச்சம் வச்ச மாதிரி இருக்கு" என்றான் பவுல். "இதை எதுல கட்டுறது?" சுற்றும்முற்றும் பார்த்தவன், விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய், டெரன்ஸின் பைக்கிலிருந்து ஒரு இரும்புக் கம்பியோடு வந்தான். "சீட்டுக்கு அடியில கிடந்துச்சு தம்பி. ஆன்டெனா கட்டத்தான வாங்கி வச்சிய?"

அது எதற்கு வாங்கியது என்று பவுலுக்கும் தெரிந்திருந்தது. பவுல் கம்பியின் நுனியில் மீன் முள்ளை வைத்து, தோணிக்காரன் முடிச்சுப் போட்டு இறுக்கினான். இனி அதை அவிழ்க்க அவனால் மட்டும்தான் முடியும்.

அடாப்டரை ஆன்டெனாவின் அடியிலேயே திருகிப் பூட்டி, வயரை லேப்டாப்பில் சொருகினாள் சுடலைமாடத்தி. லேப்டாப்பின் சொந்த வைஃபையை அணைத்தாள். "ரெண்டும் கேட்டா யாரு காதுல விழுந்துச்சுன்னு குழம்பிரும்." அடாப்டருக்கான டிரைவரைப் போட்டு, அதை ஒட்டுக்கேட்கும் நிலைக்கு மாற்றினாள். வெயில் கண்ணாடியில் பட்டு ஒன்றும் தெரியவில்லை. தலைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"தம்பி, ஒங்க வைஃபை பேரு என்ன?"

"கடல்ராசான்னு இங்கிலீசுல வச்சிருந்தேன். ஆனா வெளிய தெரியாது. யாரும் நுழையக் கூடாதுன்னு பேரை மறைச்சு வச்சிருந்தேன். இப்ப அந்த ரௌட்டரே போலீஸ்கிட்ட இருக்கு. எட்டு மாசமா அந்தப் பேர்ல இங்கன வைஃபையே கிடையாது."

"பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஷெர்லினுக்குக்கூடச் சொன்னதில்ல."

"அதே பாஸ்வேர்டை வேற எங்கயாவது போட்டிருக்கியளா?"

ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். "இல்ல" என்றான்.

துண்டை விலக்கி அவனை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தாள். பிறகு, "மறைச்சு வச்சதுதான் ஒங்க பாக்கியம்" என்றாள் அவள். "பேரு தெரியுத வைஃபைன்னா கருவி சும்மா காத்திருக்கும். மறைஞ்சு கிடக்குததுன்னா, இருக்கியா இருக்கியான்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் பதில் வரும். ஒருதரம் சேர்ந்த கருவி, ஆன்ல இருக்குத வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். பவுலு, திருப்பு."

பவுல் கம்பியைக் கிளைட்டன் வீட்டுப் பக்கம் திருப்பினான். டெரன்ஸ் மூச்சைப் பிடித்தான். ஒன்றுமில்லை. ரோட்டுப் பக்கம். ஒன்றுமில்லை. உப்பளத்துப் பக்கம் மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. ஒன்றுமில்லை.

"முள்ளை நிமித்திப் பிடி. படுக்க வச்சிருக்க. அந்தப் பக்கம் நிமிந்து நின்னா நம்மளும் நிமிந்து நிக்கணும்."

பவுல் ஆன்டெனாவைக் கால்வட்டம் திருப்பி, மறுபடியும் உப்பளத்தைத் தடவினான். பாதி தூரத்தில் அவள் கையை உயர்த்தினாள்.

"நிறுத்து."

டெரன்ஸ் துண்டுக்குள் தலையை நுழைத்தான். திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகளுக்கு நடுவே அவன் வைத்த பெயர் வந்தது. கடல்ராசா. நாலைந்து நொடி கழித்து மறுபடியும். பக்கத்தில் அந்தப் பன்னிரண்டு எழுத்து நம்பர், குற்றப்பத்திரிகையில் இருந்தது அப்படியே.

செத்துப்போன ஒரு வைஃபையை யாரோ எட்டு மாதமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவனைத் தெருவில் நிறுத்திய கை இந்த உப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

"எந்த வீடு?" என்றான்.

சுடலைமாடத்தி பைனாகுலரை எடுத்து முள் காட்டிய திசையில் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனிடம் கொடுத்தாள். "மாடியில இருக்குத டிவி டிஷ்ஷை எல்லாம் பாருங்க. என்ன தெரியுது?"

ஏழெட்டு டிஷ்கள் தெரிந்தன. எல்லாம் மழைத் தண்ணீர் பிடிக்க வைத்த தட்டு மாதிரி வானத்தை அண்ணாந்து பார்த்தன. மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு வீட்டு மாடியில் மட்டும் ஒன்று, தப்பு செய்து பிடிபட்டவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தது.

"சாட்டிலைட் நம்ம தலைக்கு மேல இருக்கு. டிவி பாக்குத டிஷ் அங்கனதான் பாக்கணும்" என்றாள் அவள். "இந்த டிஷ்ஷு சாய்வாப் பார்வை பாக்குத சாதி. அதைத் தரைக்குச் சமமாப் பாக்க வைக்கணும்னா இப்படித் தலையைக் குனிய வைக்கணும். அது டிவி பாக்கல தம்பி. ஒங்க வீட்டைப் பாக்குது."

டெரன்ஸ் பைனாகுலரை அவள் கையில் திணித்துவிட்டுப் படியில் இறங்கி ஓடினான். கம்பியின் ஞாபகம் வந்தபோது பாதிப் படியில் இருந்தான். மேலே பவுல் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. போகட்டும். கை இருக்கிறது, போதும்.

*

உப்பளத்தைச் சுற்றிப் போகிற ரோட்டில் பைக்கை விரட்டிக்கொண்டு போனவன், மஞ்சள் வீட்டு வாசலில் இறங்கியபோது பின்னாலேயே பவுலின் ஸ்கூட்டரும் வந்து நின்றது. சுடலைமாடத்தி இறங்கி, அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"எங்கிட்ட ஒரு பொய் சொன்னிய. பாஸ்வேர்டு."

"அதை அப்புறம் பேசுவோம்."

"அதைத்தான் தம்பி முன்னாடி பேசணும். அந்த ஆளு உடைச்சுக்கிட்டு உள்ள வரல. போலீஸ் காகிதத்துலயே இருக்கு. தப்பான பாஸ்வேர்டு ஒருதரம்கூட அடிக்கல, முதல் தடவையே சரியாப் போட்டு வந்திருக்கு. ஒங்க பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆளு."

அவன் கையை உதறிவிட்டு வெளிப்படியில் ஏறினான். மாடி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே தையல் மெஷினுக்குப் பின்னால், பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணிகளுக்கு நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் இஞ்ச் டேப். ஜன்னலோரம் ஒரு பழைய லேப்டாப், அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் ஜன்னல் வழியாக மேலே போயிருந்தது.

டெரன்ஸின் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

"வா டெரன்ஸு" என்றாள் அவள். மெஷினை நிறுத்தவில்லை. பிடித்த தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ரொம்ப நாள் எடுத்துக்கிட்ட."

"மதினி" என்றான் அவன்.

விக்டோரியா. தேவதாசனின் மனைவி. ஆபீசில் அவனுக்கு முன்னால் மேனேஜர் நாற்காலியில் இருந்தவர் தேவதாசன். அஞ்சு வருஷத்துக்கு முன்னால், சங்கு என்று பேப்பர் போட்டுப் போன ஒரு கன்டெய்னரில், தடை செய்யப்பட்ட கடல் அட்டை மூட்டை மூட்டையாக இருந்தது. அந்தப் பேப்பர் கம்ப்யூட்டரில் ஏறியது தேவதாசனின் லாகினில். மூன்று மாதம் ஜெயில். வெளியே வந்து ஒரு வருஷத்தில் மாரடைப்பு.

ஏழு பேர் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. நாற்பத்தோரு நாளில் ஒரு நாள்கூட, ஒரு நிமிஷம்கூட, அந்தப் பெயர் அவனுக்குத் தோன்றவில்லை.

"ஒங்களுக்கு இதெல்லாம் எப்படி..." அவன் வயரைப் பார்த்தான்.

"யூடியூப்ல ஒரு இந்திக்காரன் சொல்லிக் குடுத்தான். பாஷை புரியல. அவன் கையைப் பாத்தேன். எனக்குத் தையல்காரி கை, ஒருதரம் பாத்தாப் போதும். டிஷ்ஷுல மூக்கு இருக்குத இடத்துல பால் பவுடர் டின்னு. அதுல அடாப்டர். ஒன் வீட்டு ஜன்னலைப் பிடிக்க மூணு மாசம் ஆச்சு. நீ மறைச்சு வச்ச பேரை ஒன் போனே கூப்பிட்டுக் காட்டிக் குடுத்துச்சு. இந்த வீடு கிடைக்க ஒரு வருசம். கீழ்த்தளத்துல வீடு கிடைச்சுது, வேண்டாம், மாடிதான் வேணும்னு உக்காந்துக்கிட்டேன்."

"பாஸ்வேர்டு?" என்று கேட்டது சுடலைமாடத்தி.

விக்டோரியா மெஷின் டிராயரிலிருந்து ஒரு டைரியை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினாள். நீல மையில் பெரிய பெரிய எழுத்து: 'கம்ப்யூட்டர் லாகின். டெரன்ஸ் தம்பி போட்டுத் தந்தது.' அதற்குக் கீழே பாஸ்வேர்டு.

"அவருக்குக் கம்ப்யூட்டர் வராது. இவன்தான் செஞ்சு குடுத்தான், தன்னோட பாஸ்வேர்டையே போட்டு. எல்லாத்துக்கும் அதே ஒண்ணுதான், சோம்பேறிப் பயன்னு அவரு சிரிப்பாரு. பிரியமாத்தான் சொல்லுவாரு. அந்தச் சாவியை வச்சு இவன் அவரு லாகினுக்குள்ள போனான். அதே சாவியை வச்சு நான் இவன் வீட்டுக்குள்ள போனேன். ஒரே பாஸ்வேர்டு, ஒரே மாதிரி கேஸு. நான் கூட ஒண்ணும் சேக்கல, குறைக்கவும் இல்ல."

டெரன்ஸுக்குள் எட்டு மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்தது எங்கே போவதென்று தெரியாமல் முட்டியது. வெளிப்படியில் மாடிக்கு ஏறினான். டிஷ் அங்கே குனிந்து நின்றது. இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்தான். வெயிலில் காய்ந்த இரும்பு உள்ளங்கையைச் சுட்டது. பிடுங்கி உப்புத்தண்ணீரில் எறிந்துவிட்டால்...

"எறிங்க" என்றாள் பின்னால் வந்த சுடலைமாடத்தி. "எறிஞ்சா அந்த மெயிலை அனுப்புனது நீங்கதான். ஒங்களுக்கு இருக்குத ஒரே சாட்சி ஒங்க கையிலதான் இருக்கு."

அவன் பிடியை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

"கழட்டிப் போட்டிருக்கலாம்லா" என்று விக்டோரியாவிடம் கேட்டான் பவுல். அவளும் ஏறி வந்து துணி காயப்போடும் கொடிக்கம்பத்தைப் பிடித்து நின்றிருந்தாள். "வேலை முடிஞ்ச அன்னைக்கே?"

"கழட்டியிருந்தா இவன் எப்படி வருவான்? ஒருநாள்கூட அணைக்கல. கரண்டு போனாத்தான் அணையும்." அவள் டெரன்ஸைப் பார்த்தாள். "கோர்ட்டுல நான் ஒத்துக்கிடுதேன். மெயிலை நான்தான் அனுப்புனேன்னு. நீ வெளிய வந்துருவ. ஆனா கேப்பாங்க, தையல்காரிக்கு ஒன் பாஸ்வேர்டு எப்படித் தெரியும்னு. இந்த டைரியைக் காட்டணும். காட்டுனா, அவரு லாகின்ல புகுந்தது யாருன்னும் வெளிய வரும். டைரியை நான் மட்டும் காட்டுனா, செத்தவன் எழுதுனதும்பாங்க. நீயும் சொல்லணும். இல்லன்னா நான் வாயைத் திறக்கல, நீ குண்டு வச்சவனாவே இரு."

முதலாளி சொன்னார், நான் செஞ்சேன் என்று சொல்ல வந்தான். நாற்காலி கிடைக்கும் என்று முதலாளி சொன்னதும், அந்த நாற்காலியில் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்ததும் ஞாபகம் வந்தது. வேறு ஒன்று சொன்னான்.

"அது முடிஞ்ச கேஸு மதினி. தேவதாசன் அண்ணாச்சியே போய்ச் சேந்தாச்சு."

"அவரு போனாரு. கள்ளன்னுங்குத பேரு போகல. அடக்கத்துக்குப் பதினோரு பேர்தான் வந்தாவ. முப்பது வருசம் துறைமுகத்துல வேலை பாத்த மனுசனுக்கு." குரல் உயரவே இல்லை. "நீ வரல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

உப்பளத்திலிருந்து காற்று சூடாக அடித்தது. சுடலைமாடத்தி விக்டோரியாவின் பக்கம் திரும்பினாள்.

"ஒங்க தப்பையும் நான் விட்டுட்டு எழுத மாட்டேன்மா. அந்த ஆறு மணி நேரத்துல வார்ஃபுல ஒரு லோடுமேன் மயங்கி விழுந்தாரு. கேட்டை அடைச்சுட்டதால ஆம்புலன்ஸ் உள்ள வர ஒரு மணி நேரம் ஆச்சு."

விக்டோரியாவின் முகம் அப்போதுதான் மாறியது. கம்பத்தைப் பிடித்திருந்த கை நழுவியது. "அந்த ஆளு?"

"பொழைச்சிட்டாரு. ஒரு கால் இழுத்துக்கிட்டுத்தான் நடக்காரு."

அவள் கம்பத்தை மறுபடியும் பிடித்தாள். "அதையும் எழுதுங்க" என்றாள். "அது எங்கணக்குலதான்."

டெரன்ஸ் டிஷ்ஷிலிருந்து கையை எடுத்தான். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு. யாரையோ அடிக்க வந்தவனுக்கு அடிக்க ஆளில்லாமல் போனது. இறங்கி ஓடிவிடலாம். திங்கட்கிழமை வாய்தா வாங்கலாம், அதற்கு அடுத்த மாதமும் வாங்கலாம். ஆனால் இந்தப் பெண் இந்த மாடியில் இருப்பாள். வாழ்நாள் முழுக்க அவன் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

"மத்தியானம்" என்றான். "அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தாவ. ஒண்ணேகால் மணி இருக்கும். நான்தான் அவரு சீட்டுல உக்காந்து அடிச்சேன்."

விக்டோரியா கண்ணை மூடினாள். அழவில்லை. அஞ்சு வருஷமாகக் காதைத் தீட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தவள், கேட்டது சரிதானா என்று உள்ளே ஒருமுறை ஓட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

சுடலைமாடத்தி நோட்டைத் திறந்து பேனாவோடு நீட்டினாள். அவன் சுவரில் வைத்து எழுதினான். முதலாளியின் பெயர், கன்டெய்னர், தேதி, மணி, கையெழுத்து. விக்டோரியா வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு திருப்பித் தந்தாள்.

"வெறும் தேவதாசன்னு எழுதியிருக்க. ஊர்ல பத்து தேவதாசன் இருக்காவ. சந்தியாகு தேவதாசன்னு முழுசா எழுது."

அவன் அடித்துவிட்டு முழுசாக எழுதினான்.

திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க விக்டோரியாவுக்கு மனசில்லை. அன்று சாயங்காலம் நாலு மணிக்கே ஸ்டேஷன் பெஞ்சில் டெரன்ஸ் ஒரு ஓரத்திலும், மடியில் டைரியோடு அவள் மறு ஓரத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நடுவில் பவுல், இரண்டு பேருக்கும் வாங்கிவந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு முதலில் நீட்டுவது என்று தெரியாமல் இருந்தான்.

சுடலைமாடத்தி கொடுத்த, ஆளுக்கொன்றாக இரண்டு வாக்குமூலக் காகிதங்களையும் புரட்டிப் பார்த்த இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றியது. நிமிர்ந்து பெஞ்சைப் பார்த்தார்.

"இதுல புகார் குடுக்க வந்தது யாரு, குற்றவாளி யாரு?"

"ரெண்டு பேருந்தான் சார்" என்றான் பவுல். "ரெண்டுக்கும்."